மதுரையில் மூன்று நாள்: ஊர் சுற்றவும் ருசித்துச் சாப்பிடவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்தில் வீடு என்பதால் வருஷம் முழுக்க எங்களுக்கு விருந்தாளிகள் உண்டு. சென்னை, கோவை, பெங்களூர், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று எங்கிருந்து வந்தாலும், கிளம்புவதற்கு முன் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையை இடங்களின் பட்டியல் போட்டுச் சுற்றாதீர்கள், மணி பார்த்துச் சுற்றுங்கள். இங்கே கோயிலுக்கும் நேரம் உண்டு, பருத்திப்பாலுக்கும் நேரம் உண்டு, கறிதோசைக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் இடம் அங்கேயேதான் இருக்கும், நீங்கள் தேடி வந்த விஷயம் இருக்காது.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு ராத்திரி, மூன்று பகல். ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு மணி நேரம் நிறுத்திக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வசதி அப்படி. ஆனால் ஒரு ராத்திரியாவது தங்காதவர்கள் மதுரையைப் பார்த்தார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தூங்கா நகரம் என்று இந்த ஊருக்குச் சும்மா பெயர் வரவில்லை.

முதல் நாள் கோயிலும் அதைச் சுற்றிய வீதிகளும். இரண்டாம் நாள் திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், தெப்பக்குளம். மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே: கீழடி, அழகர்கோவில், சமணர் மலை இவற்றில் ஏதாவது ஒன்று, கூடிப்போனால் இரண்டு.

எந்த மாதம் வருவது நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காலையில் லேசான குளிர் இருக்கும், மதியம் நடக்கவும் முடியும். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து பொங்கல் வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கோயிலில் மிக அதிகம், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். பொங்கலை ஒட்டி வந்தால் ஜல்லிக்கட்டு பார்க்கலாம்: பொங்கல் அன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கல் அன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதான் என்றால் வாருங்கள், ஆனால் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். கோயில் நடையும் மதியம் சாத்தியிருக்கும் என்பதால் அது ஒன்றும் பெரிய இழப்பு இல்லை.

எப்படி வருவது? எங்கே இறங்குவது?

சென்னையிலிருந்து ரயில்தான் சௌகரியம். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை இங்கே இறங்கலாம். நேரே அறைக்குப் போய்க் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போக அதுதான் வாகு. பகலில் வரப் பிடிக்கும் என்றால் தேஜஸ், வைகை, திருநெல்வேலி போகும் வந்தே பாரத் எல்லாம் இருக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம், ஒரு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும்.

பேருந்தில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை, திருச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு வரும். கோவை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் ஆரப்பாளையம். டவுன் பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம். மூன்றும் மூன்று திசை. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு நேரடி விமானம் உண்டு.

எங்கே தங்குவது?

மாசி வீதிகளுக்குள்ளேயோ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களிலோ தங்குங்கள். அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. புறநகரில் நீச்சல் குளத்தோடு நல்ல விடுதிகள் இருக்கின்றன, ஆனால் அங்கே தங்கினால் விடியற்காலைக் கோயிலும் நள்ளிரவுப் புரோட்டாவும் இரண்டுமே கைவிட்டுப் போய்விடும். சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் சொந்தக் காரில் வருபவர்கள் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று அறை எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘மொட்டை மாடியிலிருந்து நாலு கோபுரமும் தெரியும்’ என்று ஒரு விடுதியில் சொன்னதை நம்பி என் மாமா குடும்பத்துக்கு அறை போட்டுக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் மாடிக் கதவுக்குப் பூட்டு. அதிலிருந்து, மாடியை நேரில் பார்க்காமல் யாருக்கும் அறை போட்டுத் தருவதில்லை.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எந்த நேரத்தில் போவது?

இரண்டு தடவை போங்கள். விடியற்காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை.

காலை 5 மணிக்கு நடை திறக்கிறார்கள். மதியம் 12.30 சுமாருக்குச் சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான். வெளியூரிலிருந்து காரில் வருபவர்கள் மிகச் சரியாகப் பகல் ஒரு மணிக்கு வந்து சேர்ந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டு நிற்பதை வாரத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஐந்தரை, ஆறு மணிக்குள் உள்ளே போய்விட்டால் கூட்டம் குறைவு. கல் தரை குளிர்ந்திருக்கும், பிராகாரத்தில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

ராத்திரி போவது பள்ளியறை பூஜைக்கு. ஒன்பது மணிக்கு மேல் சுந்தரேஸ்வரர் சந்நிதியிலிருந்து சுவாமியின் பாதுகை பல்லக்கில் அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு எழுந்தருளும். மேளம், தீவட்டி, சாம்பிராணிப் புகை, பின்னாலேயே நடந்து வரும் நூறு பேர். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் அந்தப் பல்லக்கு திரும்புகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். திருவிழா நாட்களில் நேரம் மாறும் என்பதால் காலையில் போகும்போதே அன்றைய நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் உள்ளே அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. வாசலில் போனையும் செருப்பையும் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். குடும்பமாகப் போனால் தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டு அதற்கு நல்ல இடம்.

கோயிலுக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். மதுரையில் முதலில் அம்மனைத்தான் பார்ப்பது வழக்கம், அப்புறம்தான் சுவாமி. ஊரை ஆண்டவள் அவள். ‘உங்கள் வீட்டில் மதுரையா சிதம்பரமா’ என்று கேட்கிற பேச்சே அதிலிருந்து வந்ததுதான்.

அம்மன் சந்நிதி முடிந்து சுவாமி சந்நிதிக்குப் போகிற வழியில் முக்குறுணி விநாயகர் இருக்கிறார். தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பார்கள். விநாயகர் சதுர்த்தி அன்று முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படியில், ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்கள்.

அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் சுவாமி சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பத்தடி மண்டபம். திருக்கல்யாணச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது: மீனாட்சி கையைப் பெருமாள் பிடித்துச் சுந்தரேஸ்வரர் கையில் கொடுக்கிறார். மீனாட்சி முகத்தைப் பாருங்கள். போர்க்களத்துக்குப் போய் எல்லோரையும் ஜெயித்த பெண், அந்த இடத்தில் மட்டும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறாள். கல்லில் நாணம் வடித்த சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது கால். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டிய ராஜா கேட்டுக்கொண்டதற்காகக் கால் மாற்றினார் என்பது கதை.

ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். தனி டிக்கெட் உண்டு, வாங்கத் தயங்காதீர்கள்.

கோபுரங்களில் பழையது கிழக்குக் கோபுரம், 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. உயரமானது தெற்குக் கோபுரம், சுமார் 170 அடி. வடக்குக் கோபுரம் ரொம்ப காலம் சிகரம் முடியாமல் கிடந்ததால் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டுங்கள். 1939 ஜூலை 8 அன்றுதான் அ. வைத்தியநாதய்யர், அதுவரை உள்ளே விடப்படாத சமூகத்தைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அவரோடு வந்தவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனும் ஒருவர்.

காலையில் என்ன சாப்பிடலாம்?

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் முதலில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுவது. மேலே தேங்காய்ப்பூ போட்டுத் தருவார்கள். தள்ளுவண்டியில் பித்தளைப் பானை தெரிந்தால் அதுதான். காலையிலும் அந்தியிலும்தான் கிடைக்கும், பத்து மணிக்குத் தேடினால் வண்டி போயிருக்கும். முதல் தடவை குடிக்கிறவர்களுக்கு வாசனை புதுசாக இருக்கும். இரண்டாவது டம்ளரில் பழகிவிடும்.

அப்புறம் இட்லி. மதுரை இட்லி மல்லிகைப் பூ மாதிரி என்று சொல்வது மிகையில்லை, மென்மை அப்படி. பெரிய ஓட்டல்களைவிடச் சந்து முனையில் ஒரு ஆத்தா அடுப்பு வைத்து ஊற்றுகிற இட்லியையே நான் சொல்வேன். நாலு சட்னி தருவார்கள். தண்ணிச் சட்னி என்று ஒன்று ஊற்றுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இட்லி முழுகும் அளவுக்கு ஊற்றிச் சாப்பிடுவதுதான் இங்கே முறை.

நடை சாத்தியிருக்கும் மதியத்தில் எங்கே போவது?

திருமலை நாயக்கர் மகாலுக்கு. கோயிலிலிருந்து தென்கிழக்கே நடந்து போகும் தூரம்தான். 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு என்கிறார்கள். பேரனான சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பிரித்து எடுத்துப் போனது போக மிஞ்சியதைத்தான், 1860களில் ஆளுநர் நேப்பியர் பிரபு செப்பனிட வைத்தார். ஒவ்வொரு தூணும் அவ்வளவு உயரம். இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. நடு முற்றத்தில் நின்று மேலே பார்க்கும்போதுதான் மனிதன் எவ்வளவு சின்னவன் என்று தெரியும், ஒரு ராஜா அதைத்தான் நம்மை உணர வைக்க நினைத்திருக்கிறார். ராத்திரி ஒலி-ஒளிக் காட்சி உண்டா என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் திரும்பிவிடாதீர்கள். பக்கத்துச் சந்தில் பத்துத்தூண் இருக்கிறது. அரண்மனையின் இன்னொரு பகுதி இடிந்துபோய், பத்துத் தூண்கள் மட்டும் வீடுகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் நடுவே ஆகாயத்தைப் பார்த்து நிற்கின்றன. மகால் எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

கறிச் சாப்பாடு எங்கே, என்ன சொல்ல வேண்டும்?

மதிய நேரம் மெஸ்களுடையது. ஒரு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டரைக்கு மேல் நல்ல அயிட்டங்கள் தீர்ந்துவிடும். வாழை இலை போட்டுச் சோறு வைத்ததும் ஒரு தட்டில் சுக்கா, ஈரல், குடல், மூளை, சுவரொட்டி (மண்ணீரல்), கோலா உருண்டை என்று வரிசையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். வேண்டியதைக் கையால் காட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, ஆகவே எடுக்கும் முன் விலை கேட்பதில் தப்பில்லை.

முதல் தடவை வருபவர்களுக்கு நான் சொல்வது: ஒரு மட்டன் சுக்கா, ஆளுக்கு இரண்டு கோலா உருண்டை, கிடைத்தால் அயிரை மீன் குழம்பு. அயிரை விரல் நீளம்கூட வராத குளத்து மீன். மண் போக உரசிக் கழுவுவதற்கே பாதி நாள் ஆகும். அதனால் விலையும் கூடுதல். அந்தக் குழம்பின் புளிப்பும் காரமும் வேறு எந்த மீனிலும் வராது. கறிக் குழம்பு, மீன் குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையில் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தம்பி கறிக் குழம்புக்கே முழுச் சோற்றையும் முடித்துவிட்டு ரசத்துக்கு வயிற்றில் இடமில்லாமல் எழுந்தான். எனக்குத்தான் வருத்தம், மெஸ் ரசம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

ராத்திரிச் சாப்பாடு?

இதற்காகத்தான் தங்கச் சொன்னேன்.

ஏழு மணிக்கு மேல் ஊரெங்கும் புரோட்டாக் கல்லின் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பன் புரோட்டா என்பது மாவைச் சுருட்டிக் கெட்டியாக வைத்து எண்ணெயில் வேகவிடுவது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பன் மாதிரி மெத்தென்று. சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். கொத்துப் புரோட்டா எங்கேயும் கிடைக்கும், ஆனால் அதைக் கொத்துகிற தாளத்துக்காகவே கல்லுக்குப் பக்கத்து மேஜையில் உட்காரலாம். கிழி புரோட்டா என்றால் புரோட்டாவையும் கறியையும் வாழை இலையில் கட்டிச் சூடாக்கித் தருவது.

கறிதோசைக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ் பெயர் பெற்றது. கீழே கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி, மூன்றும் ஒன்றாகக் கல்லில் வேகும். ஒரு ஆளுக்கு ஒன்று தாராளம். மதியம் கறிச் சாப்பாடு, ராத்திரி கறிதோசை என்று ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டின் ருசியும் தெரியாமல் போய்விடும்.

பதினொரு மணிக்கு மேலும் பசித்தால் கவலை வேண்டாம். ரயில் நிலையம், மாட்டுத்தாவணிப் பக்கம் இட்லி, டீ, பட்டர் பன் எல்லாம் கிடைக்கும். சிறுவயதில் இரண்டாம் ஆட்டம் சினிமா விட்டு வரும்போது அப்பா வாங்கிக் கொடுத்த பட்டர் பன்னை இன்னும் என் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறேன்.

ஜிகர்தண்டாவில் எது ஒரிஜினல்?

எல்லாக் கடையிலும் அந்தப் போர்டு இருக்கிறது. போர்டைப் பார்க்காமல் டம்ளரைப் பாருங்கள். சுண்டக் காய்ச்சி லேசாகப் பழுப்பேறிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பால் கோவா மணம் வீசுகிற ஐஸ்கிரீம். இவ்வளவுதான் இருக்க வேண்டும். ரோஸ் நிறத்தில் கலர் சிரப் ஊற்றினால் அது வேறு ஏதோ. விளக்குத்தூண் பக்கத்துக் கடைதான் பலரும் தேடிப் போவது. மாலை நாலு மணி சுமாருக்குக் குடியுங்கள். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. வெயிலில் அலைந்துவிட்டுக் குடிக்கும்போதுதான் பெயர் விளங்கும். சாப்பிட்ட உடனே குடித்தால் வயிறு கனத்துப் போகும்.

நாங்கள் சைவம். எங்களுக்கு மதுரையில் என்ன இருக்கிறது?

தாராளமாக இருக்கிறது. மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையில் மாலை வேளையில் வெள்ளையப்பமும் பச்சைச் சட்னியும் சாப்பிடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேம விலாஸில் சூடான அல்வாவை இலைத்துண்டில் வைத்துத் தருவார்கள், பக்கத்திலேயே காரம் கிடைக்கும், அடுத்து ஒரு காபி. அந்தி சாய்ந்ததும் சௌராஷ்டிர மக்கள் நிறைந்த தெருக்களில் முள்ளுமுருங்கை வடை போடுவார்கள். இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருவது. சளிக்கும் நல்லது என்பார்கள். உளுந்தங்களி, ஆடிக்கூழ், சுக்குமல்லிக் காபி எல்லாம் வண்டிகளிலேயே கிடைக்கும்.

வீதிப் பெயர்கள் ஒரே குழப்பமாக இருக்கிறதே?

ஒரு தடவை புரிந்துகொண்டால் இவ்வளவு எளிதான ஊர் வேறு இல்லை. கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி. அந்தந்த மாதத் திருவிழாவோடு சேர்ந்த பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு உண்டு. கடைசியில் வெளி வீதி.

வெளி வீதி இருக்கும் இடத்தில்தான் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை அகலப்படுத்தினார். அந்த வேலையில் முன்நின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். ஜிகர்தண்டா குடிக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

காந்தி மேலாடையைத் துறந்த இடம் மதுரையில்தானே இருக்கிறது?

ஆமாம், மேலமாசி வீதியில். 1921 செப்டம்பர் 22 அன்று காலை அந்த வீட்டு மாடியிலிருந்து அவர் அரை வேட்டியோடு இறங்கி வந்தார். இப்போது கீழே கதர்க் கடை நடக்கிறது. ஒரு துண்டு வாங்கிக்கொண்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அதைப் பார்த்தவர்கள் தமுக்கம் பக்கத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையாக இருந்த கட்டடம், 1959-இல் நேரு திறந்து வைத்தார். அனுமதி இலவசம். சுட்டுக் கொல்லப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கலகலவென்று பேசிக்கொண்டு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தானாக அமைதியாகிவிடுவார்கள்.

ஊருக்கு வெளியே ஒரே ஒரு இடம் என்றால்?

கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். அகழாய்வுக் குழியில் கிடைத்த மாதிரி ஒன்றைக் கரிமப் பகுப்பாய்வு செய்தபோது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று வந்ததை 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடு போன்ற அமைப்பில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளைக் கட்டாயம் பாருங்கள். தன் பானை இது என்று அடையாளம் வைக்க ஒருவர் தன் பெயரைக் கீறியிருக்கிறார். எழுத்து அரண்மனைக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு அங்கே பெரிய சந்தோஷம். தாயக்கட்டை, வளையல், சீப்பு என்று எல்லாமே வீட்டுப் பொருட்கள். வார விடுமுறை எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னும் அரை நாள் இருந்தால் அழகர்கோவில், 21 கிலோமீட்டர். மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கை. பிரசாதக் கடையில் அழகர்கோவில் தோசை வாங்குங்கள். உளுந்தும் அரிசியும் சேர்த்து நெய்யில் வேகவைத்த கனமான தோசை, இரண்டு நாள் கெடாது. மலை ஏறப் பிடித்தவர்களுக்குக் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அடிவாரத்துத் தாமரைக் குளமும் ஆலமரமும், மேலே ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும். காலை ஏழு மணிக்குள் ஏறி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரலாமா?

வாழ்நாளில் ஒரு தடவை வாருங்கள். ஆனால் அது ஊர் பார்க்கும் பயணம் இல்லை, திருவிழா பார்க்கும் பயணம். அந்த வாரத்தில் மகாலுக்கும் மெஸ்ஸுக்கும் நிதானமாகப் போக முடியாது. திருக்கல்யாணம், மறுநாள் தேர், அப்புறம் ஊருக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, சித்ரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவது. அழகர் இறங்குவது விடியற்காலையில், கூட்டம் முந்தின ராத்திரியே ஆற்றை நிறைத்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு ஆற்றுக்குள் இறங்காதீர்கள். எதிர்சேவை அன்று தல்லாகுளம் பக்கம் ரோட்டோரம் நின்றால் அழகரை இன்னும் நெருக்கமாகவே பார்க்கலாம். அறையை இரண்டு, மூன்று மாதம் முன்பே போட வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அவர்கள் மனம் வாடும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் எப்படிக் கூட்டிப் போவது?

காலை ஒரு இடம், மாலை ஒரு இடம், மதியம் தூக்கம். மாலைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பொருத்தம். திருமலை நாயக்கர் வெட்டியது, நடுவே மைய மண்டபம், சுற்றிலும் காற்று. வைகையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு நிறைந்த குளமாகவே பார்க்க முடிகிறது. கரைச் சுவரில் பெரியவர்களை உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அவித்த கடலையோ சோளமோ வாங்கிக் கொடுக்கலாம். கோயிலில் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உண்டா என்று வாசலில் கேளுங்கள்.

ஆட்டோக்காரர்களிடம் எப்படிப் பேசுவது?

ஏறும் முன் பேசிவிடுங்கள், அல்லது செல்போன் செயலியில் கூப்பிடுங்கள். ‘அண்ணே’ என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. ‘இந்தக் கடைக்குப் போங்க, நல்லாருக்கும்’ என்று சொன்னால் சாப்பாட்டு விஷயத்தில் கேளுங்கள், அவர்கள் தினமும் சாப்பிடும் இடங்களைத்தான் சொல்வார்கள். புடவை, கைவினைப் பொருள் கடை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

சுங்குடிப் புடவை. சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சாயம் தோய்ப்பது. அசல் சுங்குடியில் முடிச்சு அவிழ்த்த இடம் லேசாகச் சுருங்கி, புள்ளிகள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தால் அது அச்சடித்ததுதான்.

அப்புறம் மல்லி. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. காலையில் வாங்கிவிடாதீர்கள், கிளம்பும் அன்று மதியத்துக்கு மேல் மொட்டாக வாங்குங்கள். வாழை நாரில் நெருக்கமாகக் கட்டி இலையில் மடித்துத் தரச் சொன்னால் செய்து கொடுப்பார்கள். ராத்திரி பாண்டியனில் ஏறி உட்காரும் நேரத்துக்குச் சரியாக விரிய ஆரம்பிக்கும். பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.